அந்தோனியார் நின்ற வளைவு

"அந்த ட்ராக்டர் கொயில்ல கைய வச்சீங்கன்னா நான் ஹேவாஹெட்டைக்குப் போயிருவேன், சொல்லிட்டேன்!"

"போ. கொடய எடுத்துக்கிட்டுப் போ. அங்க மழையாம்."

"என்னயத் தொரத்துறதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"நான் எங்க தொரத்துனேன்? போறேன்னது நீ. கொட எடுன்னதுதான் நான்."

பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். பருப்பு கெட்டால் இன்னொரு முறை வைக்கலாம். சண்டையின் நடுப்பகுதியைத் தவறவிட்டால் அதைத் திரும்பச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எங்கள் குசினி ஜன்னலுக்கும் லோரன்ஸ் அண்ணனின் ட்ராக்டர் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு கொய்யா மரமும் துணி காயப்போடும் கம்பியும்தான் இருக்கின்றன. வத்தேகமவிலிருந்து மேலே ஏறும் எங்கள் ரோட்டில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று குந்தியிருப்பதால், ஒருவர் தும்மினால் மூன்று வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். இதில் ஒட்டுக்கேட்க என்ன இருக்கிறது?

ஹேவாஹெட்ட, லோரன்ஸ் அண்ணனின் மனைவி லூர்தம்மாவின் பிறந்த ஊர். மீன் வாங்க மறந்தாலும் ஹேவாஹெட்ட, கூரை ஒழுகினாலும் ஹேவாஹெட்ட. கல்யாணம் கட்டி வந்ததிலிருந்து போகிறேன் என்று சொன்ன தடவைகளுக்கெல்லாம் அவள் போயிருந்தால் அந்த பஸ்ஸே அவளை நம்பித்தான் ஓடியிருக்கும். ஆனால் அன்றைக்கு அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை. பயம் இருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அக்கா ஜன்னல்ல நிக்கிறாங்க," என்றாள் மகள் நடாஷா.

"நிக்கட்டும். அவங்களுக்குத் தெரியாதது இந்த வீட்டுல என்ன இருக்கு?"

அதுவும் உண்மைதான். ஆகவே நின்றேன்.

கொட்டிலின் பலகை மேசையில் கலகெதரயில் முஹ்ஸின் நானாவின் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த கொயில் இருந்தது. முட்டை அளவில், கறுப்புத் துணி சுற்றிய ஒரு கம்பிச்சுருள். இதற்காகவா ஒரு குடும்பம் கத்துகிறது என்று வெளியாள் நினைப்பான். அவனுக்கு அந்த ட்ராக்டரைப் பற்றித் தெரியாது.

துரைமார் காலத்துச் சீமை ட்ராக்டர் அது. பச்சை நிறம் என்பார்கள். பச்சை இருந்த இடங்கள் இப்போதும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் லோரன்ஸ் அண்ணன் அதை இருபது வருடம் ஓட்டினார். தோட்டம் அதைப் பழைய இரும்புக்குத் தள்ளியபோது, தனக்கு வர வேண்டிய சர்வீஸ் காசுக்குப் பதில் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். லூர்தம்மா எதிர்பார்த்திருந்தது ஒரு சங்கிலி. ட்ராக்டருக்கு பெட்டரி கிடையாது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். பெற்றோலில் எழும்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். எரியத் தேவையான நெருப்புப்பொறியை இஞ்சினின் பக்கத்தில் இருக்கும் மெக்னெட்டோ என்ற சின்னப் பெட்டி தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான் கொயில்.

ஜூன் மாதத் திருவிழாவில் அந்தோனியாரின் சொரூபம் ஏறிய ட்ரெய்லரை இழுப்பது அந்த ட்ராக்டர்தான். அடிவாரத்துத் தேவாலயத்திலிருந்து மேலே சந்திவரை ஏறித் திரும்பும். அன்றைக்கு மட்டும் லோரன்ஸ் அண்ணன் வெள்ளைச் சட்டை போடுவார். ஊரில் ஒருவருக்கும் தலையாட்ட மாட்டார். அவ்வளவு பெருமை.

இனி கிஷானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுடைய மூத்த பிள்ளை. கண்டியில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்தான். ஒரு கார்த்திகை மழையில் ரோட்டில் கல் விழுந்து கிடக்கிறதென்று பஸ்ஸைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்து வந்தவர்களில் மூன்று பேர் எங்கள் ரோட்டின் வளைவுக்கு வந்த நேரம் மேல் திட்டு முழுதாக இறங்கியது. இரண்டு பேரை எடுத்தார்கள். கிஷானை எடுக்க முடியவில்லை. ஆமிக்காரர்கள் பெக்கோ இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். மழை விடாமல் பெய்ய, தோண்டிய இடத்திலேயே மண் திரும்பவும் இறங்க, ஒரு நாள் பெக்கோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அந்தச் சரிவில் புல் முளைத்தது.

அடுத்த ஜூன் திருவிழாவில் ட்ராக்டர் மேடேறி வந்து, சரியாக அந்த வளைவில் இரண்டு முறை இருமி நின்றுபோனது. லோரன்ஸ் அண்ணன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போனார். எழும்பவில்லை. யாரோ செபமாலை தொடங்கினார்கள். முழுமாலையும் சொல்லி முடித்த பிறகு ஒரே சுற்றில் எழும்பிவிட்டது.

காணாமற்போனதைத் தேடிக் கொடுப்பவர் அந்தோனியார். சாவி தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் எங்களூரில் மதம் பாராமல் அவருக்குத்தான் மெழுகுதிரி. அவர் அந்த இடத்தில் நின்றால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? மறுநாளே லூர்தம்மா மண்வெட்டியோடு போனாள். ஒரு நீலச் செருப்பு கிடைத்தது, இடது கால். வத்தேகமச் சந்தையில் குவித்து விற்கிற செருப்பு அது. எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு சோடி கிடந்தது. அதை அவளிடம் யார் சொல்வது? கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான். அடக்கப் பூசை கொடுத்துவிடலாம் என்று பங்குச் சுவாமி சொல்லிப் பார்த்தார், லோரன்ஸ் அண்ணன் கெஞ்சிப் பார்த்தார்.

"அந்தோனியார் தேடிக்கிட்டு இருக்காரு சுவாமி. அவரு தேடுறத விடுற வரைக்கும் நான் பூச குடுக்க மாட்டேன். இன்னும் தேடிக்கிட்டிருக்குற பிள்ளைக்கு யாராச்சும் செத்த பூச குடுப்பாங்களா?"

அடுத்த வருடமும் ட்ராக்டர் அங்கே நின்றது. அதற்கடுத்த வருடமும். வளைவில் ஒரு சின்ன மேடை வந்தது, மெழுகுதிரி வந்தது, வேறு ஊர்களிலிருந்து தொலைத்தவர்கள் வந்தார்கள். கடலை விற்கிறவன் வந்தான். லோரன்ஸ் அண்ணன் மட்டும் அந்த நேரத்தில் ஆசனத்தை விட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். பக்தி என்று நினைத்தோம்.

அந்த மூன்றாம் வருடம் நின்றபோது ட்ரெய்லர் பின்னால் உருண்டு, திருவிழாக் கமிட்டித் தலைவர் பொன்னுத்துரை மாஸ்டரின் கால் விரலில் ஏறியது. யாழ்ப்பாணத்துக்காரர், பாடசாலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வலியிலும் இலக்கணம் தப்பாமல் கத்தினார். காலில் கட்டோடு கமிட்டியைக் கூட்டினார்.

"லோரன்ஸ், உம்மட மெசினைத் திருத்தும். இல்லாட்டி நாங்கள் லொறி பிடிக்கிறம். அந்தோனியார் நிக்கிறார், நல்லது. ஆனா என்ர காலில ஏன் நிக்க வேணும்?"

சிரித்தார்கள். லோரன்ஸ் அண்ணன் சிரிக்கவில்லை. லொறி வந்தால் வெள்ளைச் சட்டைக்கு வேலை இல்லை.

கலகெதரப் பையன் சதீஸ்குமார் வந்தது அப்போதுதான். முச்சக்கரவண்டி திருத்துகிறவன், பழைய இஞ்சின் என்றால் பசியை மறந்துவிடுவான். முதல் நாள் பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதினான். இரண்டாம் முறை பிளக் மாற்றினான். அப்புறம் மெக்னெட்டோவின் மூடியைத் திறந்து உள்ளேயிருந்த கண்டென்சரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் தேவாலயத்தடியிலிருந்து ட்ராக்டரை மேடேற்றிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறையும் வளைவில் நிற்கும், தள்ளிக்கொண்டு வருவார்கள். நடாஷா பாணும் கட்டசம்பலும் கொண்டுவந்து கொடுப்பாள். முதல் நாள் "அங்கிள்" என்று கூப்பிட்டவன் மூன்றாம் வரவில் "மாமா" என்றான். கொயிலைக் கண்டுபிடிக்க அத்தனை வரவு தேவையா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நடாஷாவுக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மாமா, குளுந்து இருக்கும்போது பொறி நல்ல நீலமா வருது பாத்தீங்களா? நின்ன உடனே புடிச்சுப் பாத்தேன், வரவே இல்ல. சூட்டுல ஏதோ ஒண்ணு சாகுது. ஆறுனா உசுரு வருது."

லோரன்ஸ் அண்ணன் பிளக்கை வாங்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சதீஸ்குமார் மெக்னெட்டோவை முழுதாகக் கழற்றி, மர ஆப்புகளைச் செருகி நெம்பிக் கொயிலை வெளியே எடுத்தான். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்தான். முள் நன்றாக ஏறியது, பழுதில்லாத கொயில் போல. தலையைச் சொறிந்தான்.

"நடாஷா, ஒங்ககிட்ட ஹெயார் ட்ரையர் இருக்கா?"

"எதுக்கு, தலை காய வைக்கவா?"

"கொண்டாங்களேன்."

கிஷான் முதல் சம்பளத்தில் தங்கச்சிக்கு வாங்கிக் கொடுத்தது அது. இளஞ்சிவப்பு. சதீஸ்குமார் அதைக் கொயிலுக்கு நேரே பிடித்தான். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் கொய்யா இலையை விலக்கினேன். சூடு ஏற ஏற, சுற்றியிருந்த துணியின் மடிப்பிலிருந்து பழைய அரக்கு உருகி, பாகாய்க் காய்ச்சின கித்துள் பாணி போல மெதுவாக வடிந்தது. முள் ஒருமுறை துடித்துக் கீழே விழுந்தது. ட்ரையரை அணைத்துவிட்டு விசிறினான். முள் மறுபடி ஏறியது.

"இதுதான். உள்ளுக்குள்ள கம்பி எங்கயோ அறுந்திருக்கு. சூட்டுல விரிஞ்சா பிரியுது, ஆறுனா ஒட்டிக்கிது. கீழயிருந்து வளைவு வரைக்கும் ஏறுற சூடுதான் கணக்கு. மாமாவுக்கு இது முன்னமே தெரியுமா?"

லோரன்ஸ் அண்ணன் பீடியைப் பற்றவைத்தார்.

"சூடுன்னு தெரியும். கொயிலுன்னு தெரியாது."

"எப்பருந்து தெரியும்?"

"மொத வருஷத்துலருந்து."

வாசலில் சுளகோடு நின்ற லூர்தம்மாவை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கல் பொறுக்கிய அரிசியை அவள் திரும்பவும் முதலிலிருந்து பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் முஹ்ஸின் நானாவின் கடையில், செத்துப்போன இன்னொரு ட்ராக்டரிலிருந்து நல்ல கொயில் கிடைத்தது. அது மேசைக்கு வந்த அன்றைக்கு நடந்த சண்டையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். அது இப்படிப் போய் முடிந்தது:

"சூடாம்! அரக்காம்! அப்ப மூணு வருஷமும் நான் ஒடஞ்சுபோன கம்பிக்கா மெழுகுதிரி வச்சேன்?"

"நான் அப்புடிச் சொல்லலியே லூர்து."

"சொல்லலதான். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களே, அது இதுக்குத்தானா?"

அவர் கொயிலை எடுத்துத் துணியில் சுற்றினார்.

"சரி, கம்பிதான் ஒடஞ்சுச்சுன்னு வச்சுக்கங்க. அத எந்த எடத்துல நிக்க வைக்கணும்னு அந்தக் கம்பிக்கு யாரு சொல்லிக் குடுத்தது? புதுசப் போட்டா அவரு நிக்கணும்னு நெனச்சாலும் நிக்க முடியாதுல்ல? அவரு வாயப் பொத்துறீங்க நீங்க."

நான் பருப்புச் சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன்.

இருந்தாலும் கமிட்டி வந்து பார்க்க இருந்தது. லோரன்ஸ் அண்ணன் புதியதைப் போட்டார். கொயில் உட்காரும் இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பல்சக்கரத்தின் அடையாளங்களை நேர்வைத்து, மெக்னெட்டோவை இஞ்சினில் பூட்டி, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த சுற்றில் இஞ்சின் எழும்பியது. அவ்வளவு சீரான சத்தத்தை அதிலிருந்து நான் கேட்டதே இல்லை. பொன்னுத்துரை மாஸ்டர் ட்ரெய்லரில் கல் ஏற்றி மேலே விடச் சொன்னார். ட்ராக்டர் வளைவைத் தாண்டிச் சந்திவரை போய்த் திரும்பியது.

"ஓம், இது ஓடும். லொறி வேண்டாம்," என்றார் மாஸ்டர், கொஞ்சம் எட்ட நின்றுகொண்டே.

வளைவு மேடையருகே லூர்தம்மா நின்றிருந்தாள். ட்ராக்டர் போனதையும் வந்ததையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பலாக்காய்க் கறி வைத்தாள், சோற்றைப் போட்டு வைத்தாள், தான் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படித்தான். சண்டை இல்லாத அந்த வீடு எனக்கே பயமாக இருந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் பொழுதுசாய, லோரன்ஸ் அண்ணன் ட்ரெய்லருக்குக் காகிதப்பூ கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க."

"ம்."

"ஒரே ஒரு தடவ. பழசப் போடுங்க."

"லூர்து, மாஸ்டர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். பின்னால ஆளுக நடந்து வருவாங்க."

"கட்டை புடிச்சிக்கிட்டு ரெண்டு பேர டயருக்குப் பக்கத்துல நடக்கச் சொல்லுங்க. நாளைக்கி அவரு நின்னாருன்னா, நான் இருக்குற காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேன். நிக்கலன்னா..." கழன்றிருந்த ஒரு காகிதப்பூவை எடுத்துக் கட்டினாள். "நிக்கலன்னா பூச குடுத்துருவோம். ஆனா அவரா சொல்லணும். நீங்க ஓடவிட்டும் வேணாம், நீங்க நிப்பாட்டியும் வேணாம்."

அவர் பழைய கொயிலைத் திரும்பப் போட்டார். நடாஷா விளக்குப் பிடித்தாள். என்னைப் பார்த்து, "யாருகிட்டயும் சொல்லிறாதீங்கக்கா," என்றாள். சொல்லவில்லை. இவ்வளவு பெரிய செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை அந்தோனியார் அறிவார்.

மறுநாள் மழை.

கொட்டுகிற மழையில்லை. ஜூன் மாதத்து மழை. தூறி, நின்று, மறுபடி தூறி, எலும்புவரை குளிரேற்றுகிற மழை. சொரூபத்துக்குப் பொலித்தீன் போர்த்தினார்கள். ஊர்வலம் குடைகளோடு புறப்பட்டது. ட்ராக்டரின் இஞ்சின் மூடியில் விழுந்த தண்ணீர் ஆவியாகி எழும்பிக்கொண்டே இருந்தது. சதீஸ்குமார் கட்டையோடு டயருக்குப் பக்கத்தில் நடந்தான். நடாஷா அப்பாவுக்குப் பக்கத்தில், டயரின் மட்கார்ட் மேல் உட்கார்ந்திருந்தாள்.

வளைவில் சனம் தானாக மெதுவாகியது. பாட்டு நின்றது. செபமாலைகள் வெளியே வந்தன. மேடையின் முன்னால் லூர்தம்மா, மெழுகுதிரியை ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, குடையை அதற்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு நின்றாள்.

ட்ராக்டர் வந்தது. ஒரு முறை இருமியது. அவள் கண்ணை மூடினாள்.

இருமல் தெளிந்தது. ட்ராக்டர் அவளைத் தாண்டிப் போனது. சொரூபம் போனது. நாங்கள் போனோம். நிற்பதா நடப்பதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு போனோம்.

மேலே, சந்தியில், நஸீப் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு நேர் முன்னால், ட்ராக்டர் இரண்டு முறை இருமி நின்றது.

யாரோ, "அந்தோனியாருக்கு ப்ளேன்டீ ஒண்ணு போடுங்க நானா!" என்றான். சிரிப்பு கிளம்பியது. நனைந்து குளிர்ந்த சனத்துக்கு ஒரு சிரிப்பு கிடைத்தால் அது சும்மா அடங்குமா? பின்வரிசைவரை போனது.

"என்னத்துக்குச் சிரிக்கிற?" நஸீப் நானா கடையை விட்டு இறங்கி வந்தார். "அந்த உம்மா வாறத பாருங்கோ."

லூர்தம்மா மேடேறி வந்துகொண்டிருந்தாள். மெழுகுதிரி அணைந்திருந்தது; பேணியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். நஸீப் நானா ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். அவள் உட்காரவில்லை. ட்ராக்டருக்குப் பக்கத்தில் போய் அதன் சூட்டில் கையை வைத்தாள்.

சதீஸ்குமாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை, இன்னைக்கி மழை. அதான் சூடு ஏற நேரமாயிருச்சு. வெயிலா இருந்திருந்தா வளைவுலயே..."

"மழையிலதானே தம்பி அவனும் போனான்," என்றாள் லூர்தம்மா. "மழையில தேட மாட்டாரா?"

அவன் குனிந்து டயருக்கடியில் கட்டையை இறுக்கினான்.

அவள் புருசனிடம் திரும்பினாள். "அவரு தேடுறத விட்டுட்டாருங்க. புதுசயே போட்டுருங்க."

லோரன்ஸ் அண்ணன் ஆசனத்தை விட்டு இறங்கினார். அத்தனை சனத்துக்கு முன்னால், தோளில் கிடந்த துவாயால் அவள் தலையைத் துவட்டினார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகொரு நாள் நடாஷா எனக்குச் சொன்னாள்: வளைவில் ட்ராக்டர் இருமியபோது அப்பாவின் கை நிறுத்துகிற சுவிட்சின் மேல் இருந்ததாம். ஏனப்பா அமுக்கவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள்.

"அவ கேட்டது அந்தோனியார்கிட்டம்மா. நடுவுல நான் யாரு?"

அடக்கப் பூசை அடுத்த சனிக்கிழமை நடந்தது. பெட்டி என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று சதீஸ்குமார் பலகையில் சின்னதாக ஒன்று அடித்துக் கொடுத்தான். அதற்குள் அந்த நீலச் செருப்பை வைத்தாள் லூர்தம்மா. சுவாமி ஒரு கணம் தயங்கினார். பிறகு தீர்த்தம் தெளித்தார். கல்லறைக்கு ஊர் முழுதும் வந்திருந்தது. பாதிப் பேரின் காலில் அதே செருப்பு. நான் என்னுடையதை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போயிருந்தேன்.

புதிய கொயில் அன்று பின்னேரமே ஏறியது. பழையது எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. ட்ராக்டர் இப்போது எங்கேயும் நிற்பதில்லை. கடலைக்காரன் வேறு திருவிழாவுக்குப் போய்விட்டான்.

அடுத்த தைக்குப் பிறகு நடாஷாவுக்கும் சதீஸ்குமாருக்கும் கல்யாணம் நடந்தது. தேவாலயத்தில் ஒரு முறை, மாப்பிள்ளை வீட்டாருக்காகக் கலகெதரப் பிள்ளையார் கோவிலில் ஒரு முறை. இரண்டிலும் சாப்பிட்டேன், கலகெதரச் சாப்பாடுதான் திறம். கலகெதரயிலேயே கராஜ் போட்டிருக்கிறார்கள். போகும்போது நடாஷா அந்த இளஞ்சிவப்பு ட்ரையரையும் கொண்டுபோனாள். பொன்னுத்துரை மாஸ்டர் மட்டக்களப்பில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். அங்கே மேடு கிடையாது, விரலுக்கு நல்லது.

லூர்தம்மா, தங்கச்சிக்குச் சுகமில்லை என்று ஹேவாஹெட்டைக்குப் போனாள். தங்கச்சிக்குச் சுகமான பிறகும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லோரன்ஸ் அண்ணன் பாணும் கருவாடும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வளைவைப் பார்க்காமல் ஒரு வீட்டுக்கும் வர முடியாத ரோட்டில் அவள் எப்படித்தான் இருப்பாள்?

அவள் போன அன்றைக்குக் காலையில் நானும் பஸ் வரும்வரை கூட நின்றேன். பஸ்ஸில் இடப்பக்கம் எல்லாம் காலியாகத்தான் இருந்தது. வளைவு அந்தப் பக்கம் வரும். அவள் வலப்பக்கம் நெருக்கியடித்து, ஒரு கிழவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் உறுமத் தொடங்கிய பிறகு லோரன்ஸ் அண்ணன் ஜன்னலைத் தட்டி, கையிலிருந்த குடையை உள்ளே கொடுத்தார்.

"வச்சுக்க," என்றார். "அங்க மழையாம்."